மறுபக்கம் திருப்புங்கோ

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் அப்போது நான் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று. ஒரு மூலையில் தையல், மறு மூலையில் தச்சு, நடுவில் வயரிங். தச்சுக்காரர் மரம் அரியத் தொடங்கினால் என்னுடைய மாணவிகள் நான் சொல்வதை வாயசைவில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் எனக்குக் கத்திக் கதைக்கிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் தேத்தண்ணி கேட்டாலும் ஊருக்கே கேட்கும்.

கிபிர் குண்டுவீச்சு விமானங்களின் வரத்துக் கூடிய காலத்தில் ஒருநாள் பக்கத்து வெளியில் குண்டு விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கூரைத் தகரத்தில் பாதி மட்டும் பறந்து போய் யாரோ ஒருவருடைய பயிற்றங்கொடிக்கு மேல் விழுந்து கிடந்தது. அன்று பின்னேரமே 'மறு அறிவித்தல் வரை கல்லூரி மூடப்படும்' என்று வாசல் படலையில் ஒட்டிவிட்டார்கள்.

ஒட்டியதோடு விடுகிற ஆளில்லை எங்கள் அதிபர். மறுநாள் காலை ஆசிரியர்கள் எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். "கட்டடத்தைத்தான் மூடினது. பாடத்தை ஆர் மூடினது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய கவலை நியாயமானதுதான். குறித்த காலத்துக்குள் பாடத்தை முடித்துச் சோதனை எடுக்காவிட்டால் அந்த அணி கலைந்ததாகக் கணக்கு. பிறகு எல்லோரும் புதிதாக விண்ணப்பித்து முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

என்னிடம் படித்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு அது பெரிய விஷயமில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அடுத்த முறை வந்து மறுபடியும் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். மற்றவர் மட்டும் வேறு. இரணைமடு வாய்க்கால் ஓரம் வயல் செய்கிற குடும்பத்துப் பெண். வயதெல்லையின் கடைசி விளிம்பில் சேர்ந்தவர். இந்த அணி கலைந்தால் அடுத்ததில் அவரைச் சேர்க்கமாட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் அவரை அக்கா என்று கூப்பிட, என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அதே வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ரீச்சர் என்பார், நான் அவரை அக்கா என்பேன். வகுப்பில் யார் யாருக்குப் படிப்பிக்கிறார் என்று புதிதாக வருகிறவருக்குக் குழப்பமாக இருக்கும்.

சோதனையில் பாஸ் பண்ணுகிறவர்களுக்குக் கல்லூரி அன்றைக்கே ஆளுக்கொரு தையல் மெஷின் கொடுக்கும். அக்கா வந்தது அதற்காகத்தான், ஒளிக்காமல் சொல்லுவார். வீட்டில் அவர் தைத்துப் பழகியது புருஷனுடைய தமக்கையின் மெஷினில். அந்த மச்சாள் மெஷினைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருப்பாவாம். ஒவ்வொரு தையலுக்கும் "என்ர மெஷின் தேயுது" என்று பெருமூச்சு விடுவாவாம். "இரும்பு எப்பிடி ரீச்சர் தேயும்?" என்று அக்கா என்னிடம் உண்மையாகவே கேட்டார். தேயாது என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் கொண்டுபோய் மச்சாளிடம் காட்டியிருப்பார்.

அதிபர் கண்டுபிடித்த வழி கசெற். பாடத்தைக் கசெற்றில் பேசிப் பதிந்து, போகிற வருகிற பஸ்ஸிலும் உழவு மெஷினிலும் கொடுத்து அனுப்புவது. ஒரு பிள்ளை கேட்டு முடித்ததும் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு அனுப்பும். நெடுங்கேணிப் பக்கம் இருந்த பிள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாடம் பழசாகிவிடும், ஆனால் தையல் ஊசிப்போகிற சாமான் இல்லையே.

ஒரேயொரு சிக்கல், எங்கள் அதிபர் ஒரு தனித்தமிழ்ப் பித்தர். வன்னியில் அப்போது பேக்கரி வெதுப்பகமாகி, ஐஸ்கிறீம் குளிர்களியாகியிருந்த காலம். எல்லோரும் ஒரு அளவோடு நிற்க, இவர் மட்டும் பல் துலக்குகிற பிரஷ்ஷுக்கும் பெயர் வைத்திருந்தார். களஞ்சியத்துக்கு எழுதும்போது கசெற் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஒலிநாடா என்பதைச் சுருக்கி, 'தையல் பிரிவுக்கு நாடா பத்து' என்று எழுதினார். களஞ்சியக்காரர் தையல் பிரிவு என்பதைப் பார்த்தார், நாடா என்பதைப் பார்த்தார், பத்து உருளை பாவாடை நாடா அனுப்பிவிட்டார். வன்னி முழுவதற்கும் பாவாடை கட்டக் காணும். அதிபர் அதைத் தூக்கிப் பார்த்து, "இதில எப்பிடிப் பேசிறது?" என்றார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.

கடைசியில் எங்கள் வீட்டில் கிடந்த பாட்டுக் கசெற்றுகளுக்கு மேலேயே பதிந்தேன். பாதை பூட்டியிருந்ததால் புதிது வாங்க வழியில்லை. அமைதியான இடம் குசினி என்று அங்கே போய் இருந்து பேசினால், சேவல் கூவியது, கேத்தில் விசிலடித்தது, மேலே வண்டு சுற்றியது. வண்டு என்றால் ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானம். அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை, 'ரீச்சரின் மெஷினுக்கு எண்ணெய் விடவேணும்' என்று துண்டு எழுதி அனுப்பினாள். கொலருக்கு அதிபர் தந்த சொல் கழுத்துப்பட்டி. அதைக் கேட்ட இன்னொருத்தி, 'கழுத்துப்பட்டி நாய்க்கோ, மனுசருக்கோ?' என்று கேட்டிருந்தாள். துணியின் அளவு தெரிய வேண்டுமாம். கேள்வியில் பிழையில்லை.

அக்கா வீட்டில் ரேடியோ இருந்தது, கசெற் போடலாம், ஆனால் பற்றரி இல்லை. பற்றரி தங்கம் மாதிரி. ஆகையால் அங்கே வழக்கமான முறைதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றுகிற வேலை அவருடைய கணவருக்கு. வயலில் இருந்து வந்து கால் கழுவிவிட்டு நேரே சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி விடுவாராம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் பின்னேரம் என் வீட்டுப் படலையில் மணிச் சத்தம். சாரத்தை மடித்துக் கட்டின, வெயிலில் கறுத்த ஒரு மனுசன் சைக்கிளோடு நின்றார். முகம் சரியில்லை.

"சேர் நிக்கிறாரோ?"

"எந்தச் சேர்?"

"தையல் படிப்பிக்கிற சேர்."

"தையல் படிப்பிக்கிறது நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் இல்லை தங்கச்சி. இது ஒரு ஆம்பிளை. கட்டைக் குரல்."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை. என்ன விஷயம்?"

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். சாத்திய விதத்திலேயே கதை நீளும் என்று விளங்கிவிட்டது. "என்ர மனுசி உங்கட கல்லூரியிலதான் படிக்கிறா. கசெற் வருது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தன். அந்தாள் நெஞ்சளவு எடுங்கோ எண்டுது. சரி. இடுப்பளவு எடுங்கோ எண்டுது. அதுவும் சரி. பிறகு இடுப்புக்குக் கீழ ஏழு அங்குலம் போங்கோ எண்டுது. நான் வேர்க்க வேர்க்கச் சைக்கிள் சுத்த, அவன் என்ர மனுசிக்கு இடுப்பைப் பற்றி விளக்கம் குடுக்கிறான். எந்த வீட்டில நடக்கும் இது?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு விளங்கியது, இவர் அக்காவின் கணவர். வயலில் முறிந்துவிட்டு வருகிற மனுசன் களைத்துப்போய் மெதுவாகச் சுற்றுகிறார். டைனமோ மெதுவாக ஓட, கசெற்றும் மெதுவாக ஓடுகிறது. அதில் என்னுடைய குரல் நீண்டு தடித்து ஆம்பிளைக் குரலாகிவிட்டது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயைக் குவித்து, முடிந்தமட்டும் கட்டையாக, "நெஞ்...ச...ள...வு... எ...டு...ங்...கோ..." என்றேன்.

மனுசன் துள்ளி ஒரு அடி பின்னால் போனார். "இதுதான்! இந்தக் குரல்தான்!"

சைக்கிள் சரிந்து விழுந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார், பிறகு வெட்கம் வந்து தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ ரீச்சர். நாளையில இருந்து சுத்துறதை நிப்பாட்டுவம் எண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்." அவர் நிற்பாட்டினால் அக்காவின் படிப்பு அன்றோடு சரி. "நிப்பாட்ட வேண்டாம், கெதியாச் சுத்துங்கோ" என்றேன்.

கெதியாகத்தான் சுற்றியிருக்கிறார். அடுத்த கிழமை அக்காவின் துண்டு வந்தது. 'ரீச்சர், இப்ப நீங்கள் நேர்சரிப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறீங்கள். சேவல் குருவி மாதிரிக் கத்துது. இவருக்குச் சிரிப்பு.' போகப்போக மனுசனுக்குக் கை படிந்துவிட்டது. அக்கா வெட்டும்போது மெதுவாக, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது வேகமாக என்று தானே மாற்றி மாற்றிச் சுற்றுவாராம். ஒரே பாடத்தை நாலைந்து தரம் சுற்றியதில் அவருக்குப் பாடம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. வரம்பில் நின்று பக்கத்து வயல்காரனுக்குப் பாவாடைச் சுருக்கம் பிடிப்பது எப்படி என்று விளக்கினதாகக் கேள்வி.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை. கடைசிப் பாடத்துக்கு முன்னால் அதிபருக்குத் திடீரென்று என்னுடைய கசெற்றுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றிலும் முதற் பக்கம் முடிகிற இடத்தில் நான், "இனிக் கசெற்றைத் திருப்பிப் போடுங்கோ" என்று சொல்லியிருந்தேன். அதிபருக்கு நெற்றி சுருங்கியது.

"தங்கச்சி, கசெற் எண்டது தமிழோ?"

"இல்லை சேர்."

"ஒலிநாடாவின் மறுபக்கத்துக்குத் திருப்புங்கள் எண்டு சொன்னால் என்ன?"

கடைசிப் பாடம் ஆம்பிளைச் சேட், அதிபரின் தமிழில் சட்டை. பெரிய பாடம். குசினியில் புகைக்குள் இருந்துகொண்டு, சேவலை ஒரு கையால் கலைத்துக்கொண்டு, முதற் பக்கம் முடிகிற நேரம் பார்த்து அந்த நீள வசனத்தைச் சொல்ல எனக்கு எரிச்சலாக வந்தது. கசெற் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதானே? சொல்லாமல் விட்டேன். "சட்டையின்ர நேர்ப்பக்கம் மேல தெரிய மேசையில விரிச்சு வையுங்கோ. இனி மறுபக்கம் திருப்புங்கோ" என்றேன். கிளிக். இரண்டாம் பக்கத்தில், "இப்ப சட்டைப்பையை நெஞ்சில வைச்சு மூண்டு பக்கமும் தையுங்கோ" என்று தொடர்ந்தேன். நல்ல தமிழ். அதிபர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

சோதனையை ஒரு ஆரம்பப் பாடசாலையின் மண்டபத்தில் வைத்தார்கள். பரீட்சகர் ஒரு அம்மா, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். அவர் சிரித்ததைக் கண்டவர் எவரும் கிளிநொச்சியில் இல்லை என்று சொல்லுவார்கள். எங்கள் பன்னிரண்டு பேரும் தைத்த உடுப்புகளோடு வரிசையில் நின்றார்கள். பிளவுஸ் பார்த்தார், பாவாடை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால் நல்லது என்று அர்த்தம். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு முதற் சேட்டை எடுத்து விரித்தார். "சட்டைப்பை எங்க?"

அந்தப் பிள்ளை பவ்வியமாக முன்னால் வந்து பொத்தானைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டியது. அங்கே, நெஞ்சுக்கு நேரே, மூன்று பக்கமும் முத்து முத்தாகத் தைத்த பை.

பரீட்சகர் இரண்டாவதை எடுத்தார். உள்ளே பை. மூன்றாவது, உள்ளே பை. நெடுங்கேணிப் பிள்ளையின் சேட்டிலும் உள்ளேதான். கடைசி ஆள் அக்கா. மற்ற எல்லாரையும்விட அழகாக, இரட்டைத் தையல் போட்டு, உள்ளே பை.

"இது என்ன, புதுப் பாஷனோ?" என்று பரீட்சகர் என்னைக் கேட்டார்.

"ரீச்சர்தான் மறுபக்கம் திருப்பச் சொன்னவா" என்றது வரிசையில் ஒரு குரல்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. நான் கசெற்றைத் திருப்பச் சொல்ல, பன்னிரண்டு பேரும் சேட்டைத் திருப்பியிருக்கிறார்கள். நான் அதிபரைப் பார்த்தேன். "அது... ஒலிநாடாவை..." என்று தொடங்கியவர், நான் பார்த்த பார்வையில் முகட்டைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஓடிப்போய் பரீட்சகருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கசெற், கிளிக், ஒலிநாடா, எல்லாம். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "தங்கச்சி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் கதைக்கு நான் புள்ளி போடேலாது. பையைக் கழட்டி என்ர கண்ணுக்கு முன்னால சரியாத் தைக்கட்டும். தைக்கிற ஆள் பாஸ். தைக்காத ஆள் அடுத்த அணியோட வரட்டும். நீங்களும் அதிபரும் வெளியில போங்கோ. பிள்ளைகளும் போங்கோ, ஒவ்வொருத்தராக் கூப்பிடுறன்."

அடுத்த அணி. பதினொரு பேருக்கு அது ஒரு ஆறுதல். அக்காவுக்கு அது கதவு அடைபடுகிற சத்தம். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அக்கா நேரே பரீட்சகருக்கு முன்னால் போனார். சேட்டை எடுத்தார், "முதல் நான் தைக்கிறன் அம்மா" என்று சொல்லிவிட்டு மண்டபத்தில் பெட்டியோடு அடுக்கியிருந்த பரிசு மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரேயொரு பழைய மெஷினுக்கு முன்னால் போய் இருந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய கணவர் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான்தானே பிழையாச் சுத்திப்போட்டன்" என்றார் பாவி மனுசன். சுற்றியதில் பிழையில்லை என்று விளக்குவதற்கிடையில் உள்ளே மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கியது. இருவரும் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தோம்.

அவருக்குச் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. "இப்ப இடப்பக்கம் இறங்குறாள்" என்றார். சத்தம் நின்று தொடங்கியது. "மூலையில ஊசியைக் குத்தி வைச்சுத் திருப்புறாள்." பிறகு தன்னை அறியாமலே என்னுடைய பாடத்தைச் சொல்லத் தொடங்கினார், அந்தக் கட்டைக் குரலில், இழுத்து இழுத்து. "ஊ...சி... துணி...க்குள்ள... நிக்...கட்டும்... கா...லைத்... தூக்...குங்கோ..." நடுவில் என்னுடைய இருமலையும் விடவில்லை. சேவல் கூவுகிற இடத்தில் கூவினார். பரீட்சகரின் தலை ஜன்னலில் தெரிந்து, "ஆர் அங்க கத்துறது?" என்றது. மனுசன் மரத்துக்குப் பின்னால் ஒளித்தார். நானும்தான் ஒளித்தேன், எனக்கு ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

அப்போது மெஷின் நின்றது.

காத்திருந்தோம். தொடங்கவில்லை. மூன்றாம் பக்கம் இன்னும் கிடக்கிறது என்று அவருடைய விரல் காற்றில் கணக்குப் போட்டது. கை தன்பாட்டில் பெடல் சுற்றுகிற மாதிரிச் சுழன்றது. "ரீச்சர்," என்றார் மெதுவாக, "கசெற் முடிஞ்சு போச்சு எண்டு நினைக்கிறாள் போல. நீங்கள் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

ஊருக்கே கேட்கிற குரல் இருந்தும் ஒரு சொல் சொல்ல முடியாமல் நிற்கிறேன். அக்கா, கசெற் இல்லை, நீங்களாகவே தையுங்கோ, தெரியும் உங்களுக்கு என்று நெஞ்சுக்குள் கத்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. என்னுடைய கண்ணிலும்தான்.

திரும்பவும் மெஷின் ஓடியது. ஒரே ஓட்டம். முடிவில் நூல் கடிக்கிற நேரம் அளவுக்கு ஒரு அமைதி. பிறகு அக்கா சேட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பை வெளியே, நெஞ்சுக்கு நேரே, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. பின்னால் பரீட்சகர் வந்து, "ம்" என்றார். அவருடைய வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

"அக்கா, நடுவில ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றேன்.

"பொபினில நூல் முடிஞ்சு போச்சு ரீச்சர். கையால சுத்திப் போட்டனான்." எங்கள் இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் ரெண்டுபேரும் என்னத்துக்கு அழுதுகொண்டு நிக்கிறியள்?"

அக்கா மறுமொழிக்குக் காத்திருக்காமல் கணவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, நிண்டு முழுசாமல் ஒரு கயிறு பாத்து வாங்கோ, கரியரில வைச்சுக் கட்ட. உக்கின கயிறு வேண்டாம். நல்ல கயிறாப் பாருங்கோ. இது மச்சாளின்ர இல்லை, என்ர மெஷின்."